வீடு வீடாக நன்கொடை கேட்க யாரை அனுப்புவது? கொங்குப் பகுதி அறக்கட்டளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உங்கள் அறக்கட்டளையின் தலைவர் யார், செயலாளர் யார் என்பதெல்லாம் கோபியில் ஒரு வீட்டுக்காரருக்குத் தெரியாது. ரசீது புக்கோடு வாசலில் வந்து நின்றவரைத்தான் அவருக்குத் தெரியும். அவர் பேசிய பேச்சும் நடந்துகொண்ட விதமும்தான் அந்தத் தெருவில் உங்கள் பெயர். இருந்தும் பல சின்ன அறக்கட்டளைகளில் இந்த வேலைக்கு ஆள் எடுப்பது அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. "நல்லாப் பேசுவாப்ல, வண்டி வெச்சிருக்காப்ல" என்று யாராவது சொன்னால் போதும், மறுநாளே கையில் ரசீது புக்.

கொங்கு நாட்டில் கொடுக்கிற மனதுக்குப் பஞ்சமில்லை. 1926-ல் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. சகோதரர்கள் நால்வரும் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கை அறத்துக்கு எழுதி வைத்த மண் இது. கும்பாபிஷேகம், அன்னதானம், நோம்பி (ஊர்த் திருவிழா) வரி, பள்ளிக்கூடக் கட்டடம் என்று வாசலில் பணம் கேட்பதும் கொடுப்பதும் இங்கே பழகிப்போன விஷயம். மாறியிருப்பது தெரியாத முகத்தைப் பார்க்கிற பார்வை. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர், 2025-ல் சிவகிரி பக்கம் தோட்டத்தில் தனியாக இருந்த வயதான தம்பதி என்று அடுத்தடுத்து நடந்த கொலைகளுக்குப் பிறகு, சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) வருகிற அந்நியரைப் பார்த்ததும் கேமராவைப் பார்க்கிறார்கள், நாயை அவிழ்த்து விடுகிறார்கள், மகனுக்குப் போன் போடுகிறார்கள். அதில் தப்பே இல்லை. அந்தப் பயத்துக்கு மதிப்புக் கொடுக்கத் தெரிந்த ஆளைத் தேடுவதுதான் நம் வேலை.

முதியோர் இல்லம், டயாலிசிஸ் உதவி, பிள்ளைகள் படிப்பு, கண் சிகிச்சை முகாம் என்று நடத்துகிற சின்ன அமைப்புகளுக்காகவே இதை எழுதுகிறேன். இந்த வேலைக்கு ஆள் எடுப்பதிலும் பழக்குவதிலும் பல வருடம் இருந்ததில் எனக்கு உறுதியாகப் பிடிபட்டது ஒன்று உண்டு. பணம் வாங்கத் தெரிந்தவரைத் தேடாதீர்கள். "இல்லீங்க" என்ற பதிலை முகம் வாடாமல் வாங்கிக்கொள்ளத் தெரிந்தவரைத் தேடுங்கள். மற்ற குணங்கள் பெரும்பாலும் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

ஆள் தேடும் முன்: உங்கள் பக்கம் சரியாக இருக்கிறதா?

நல்ல ஆள் உங்களையும் சோதிப்பார். "ரசீதுல 80ஜி நம்பர் போட்டிருக்குங்களா? பணத்தை அன்னன்னிக்கு எங்க கட்டோணும்? யாராவது சந்தேகப்பட்டா எந்த நம்பருக்குக் கூப்பிடச் சொல்றது?" என்று நேர்காணலில் ஒருவர் கேட்டால் அவர் பெயருக்கு நேராக ஒரு நட்சத்திரம் போட்டு வையுங்கள். ஆனால் அந்தக் கேள்விகளுக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். (80ஜி என்பது, கொடுத்தவருக்கு வருமான வரிக் கழிவு கிடைக்க வழிசெய்யும் சட்டப் பிரிவு.)

வரிசை எண் அச்சிட்ட ரசீது புக், எந்தப் புக் யார் கையில் என்று எழுதி வைக்கும் பதிவேடு, அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகும் க்யூஆர் அட்டை, வேலை நேரத்தில் கட்டாயம் எடுக்கப்படும் அலுவலகப் போன் எண். இந்த நான்கும் இல்லாமல் ஆளை வெளியே அனுப்பக் கூடாது. வருமான வரிப் பதிவு, 80ஜி அனுமதி ஆகியவற்றின் நகலை லேமினேட் செய்து பையில் போட்டுக் கொடுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறை என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ரசீதில் எந்த எண்ணை அச்சிடுவது என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டே அச்சகத்துக்குப் போங்கள்.

சம்பளமா, கமிஷனா?

இதை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். நீங்கள் எப்படிப் பணம் கொடுக்கிறீர்களோ அதற்கேற்ற ஆள்தான் வருவார்.

கமிஷன் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. நன்கொடை திரட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களின் அமெரிக்கச் சங்கம் ஒன்று, வசூலில் சதவீதம் வாங்குவதையே தன் நெறிமுறையில் தடுத்திருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, வாசலில் நடப்பதைப் பார்த்தாலே காரணம் புரியும். நூற்றுக்கு இருபது தனக்கு என்று இருக்கிறவர், கிழவி சேலை முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் மருந்துக் காசையும் விடமாட்டார். "சித்த யோசிங்கம்மா, அந்தக் கொழந்தையப் பாருங்கம்மா" என்று நின்றுகொண்டே இருப்பார். அன்றைய வசூல் கூடும். அடுத்த வருடம் அந்தத் தெருவில் ஒரு கதவும் திறக்காது.

இன்னொன்று, நம் மக்கள் கேட்டே விடுவார்கள்: "இதுல உனக்கு எவ்வளவு, தம்பி?" அதற்குத் தடுமாறாமல் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான். "எனக்கு மாசச் சம்பளமுங்க. நீங்க குடுக்கறதுல இருந்து தனியா எதுவும் எனக்கு வராதுங்க." இந்தப் பதில் உண்மையாக இருக்க வேண்டுமானால் நீங்கள் நிலையான சம்பளம் கொடுக்க வேண்டும். பெட்ரோல், போன் செலவு, மதியச் சாப்பாட்டுப் படி ஆகியவற்றைத் தனியாகக் கணக்கிடுங்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனால் சனிக்கிழமை கையில் வருகிற கூலியை விடக் குறைவாகக் கொடுத்துவிட்டு, நல்ல ஆள் நிற்கவில்லை என்று சொல்வதில் நியாயமில்லை. "சேவை மனப்பான்மை" என்ற பெயரில் அரைச் சம்பளம் கொடுப்பதும் பணத்தைக் கையாளுகிறவருக்குத் தேவையில்லாத சோதனை வைப்பதும் ஒன்றுதான்.

எங்கே தேடுவது

விளம்பரம் கொடுத்து வருகிறவர்களை விட, ஏற்கெனவே வீடு வீடாகப் போய்ப் பழகியவர்களில் தேடுவது நல்லது. மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதிய அக்காமார்கள் அருமையானவர்கள். தமிழ்நாட்டில் அந்தக் குழுக்கள் 1989-ல் பக்கத்துத் தருமபுரியில் தொடங்கியவை, இன்று குழு இல்லாத கிராமம் இல்லை. மினிட் நோட்டு எழுதி, பத்து ரூபாய் சந்தாவுக்கும் கணக்குச் சொல்லிப் பழகிய கை அது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டம் போன்றவற்றில் வீடு வீடாகப் போய் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள், பால் சொசைட்டியில் ஓய்வு பெற்றவர்கள், நீண்ட நாள் எல்ஐசி முகவர்கள், தலையில் மூட்டை வைத்துத் தவணைக்குச் சேலை விற்றவர்கள் ஆகியோரையும் கேட்டுப் பாருங்கள்.

ஒரு பிரிவினர் விஷயத்தில் மட்டும் நிதானம் தேவை. மைக்ரோ ஃபைனான்ஸ், சீட்டுக் கம்பெனி, வண்டி ஃபைனான்ஸ் ஆகியவற்றில் தவணை வசூலுக்குப் போனவர்கள். வெயிலுக்கு அஞ்சமாட்டார்கள், சந்து பொந்தெல்லாம் அத்துப்படி, கணக்கும் சுத்தம். ஆனால் பணம் வரும்வரை வாசலை விட்டு நகரக் கூடாது என்பது அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம். அங்கே வீட்டுக்காரர் கடன்பட்டவர், இங்கே நாம்தான் கேட்டு நிற்பவர்கள். இந்த வித்தியாசம் உடம்பில் இறங்கியிருக்கிறதா என்று களத்தில் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கியவர்கள் மிக நல்ல பணியாளர்களாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

பதினெட்டு வயது நிரம்பாதவர்களை எந்தக் காரணத்துக்காகவும் எடுக்காதீர்கள். உங்கள் இல்லத்துப் பிள்ளைகளையே உண்டியலோடு அனுப்புவது பிள்ளைக்கும் அவமானம், உங்களுக்கும் சட்டச் சிக்கல்.

பார்க்க வேண்டிய குணங்கள்

*"இல்லை"யை ஏற்கும் பக்குவம்.* கோபி பக்கம் ஓர் இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகும் மண் பாதையில்) புதிதாக எடுக்க நினைத்திருந்த ஒரு தம்பியோடு போயிருந்தேன். கிலுவை வேலி, படல் போட்ட வீடு. உள்ளே ஆட்டுக்குட்டிகள். படலுக்கு வெளியே நின்று "ஏனுங்க, ஊட்ல யாருங்க?" என்று குரல் கொடுத்தார். வயதான அம்மா ஒருவர் வந்து, அவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இல்ல சாமி, இந்த மாசம் பேரனுக்கு பீஸு கட்டோணும்" என்றார். "சரிங்காத்தா, அதுதான மொதல்ல ஆகோணும். நல்லாப் படிக்கட்டுமுங்க. நான் வர்றேனுங்க" என்றார் இவர். நோட்டீஸைக் கொடுக்கப் படலைக் கொஞ்சம் விலக்கியிருந்தார். திரும்பும்போது அதை இழுத்துச் சாத்தி, கயிற்றை முன்பு இருந்தபடியே இரண்டு சுற்றுச் சுற்றி மாட்டிவிட்டு வந்தார். ஆட்டுக்குட்டி வெளியே வந்துவிடக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பணம் கிடைக்காத வீட்டிலும் அந்த வீட்டின் மேல் அக்கறை குறையாத கை அது. அந்த இடத்திலேயே நான் முடிவு செய்துவிட்டேன். எதிர்வீட்டுப் பெண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார், அவராகவே கூப்பிட்டார்.

ஒரு நாளில் தட்டுகிற கதவுகளில் பெரும்பாலானவை "இல்லை" என்றுதான் சொல்லும். அதில் நொந்துபோகிறவர் மாதம் முடிவதற்குள் நின்றுவிடுவார். அதில் கோபப்படுகிறவர் உங்கள் பெயரைக் கெடுத்துவிடுவார்.

*பணத்தில் ஒழுங்கு.* நேர்மை என்று பொதுவாகச் சொல்வதை விட்டுவிட்டு, ஒழுங்கு என்று பாருங்கள். கொடுப்பவர் கண்ணெதிரே எண்ணுகிறாரா? பணத்தைப் பைக்குள் வைப்பதற்கு முன்பே ரசீது எழுதுகிறாரா? எழுதிய தொகையை வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறாரா? சொந்தக் காசும் வசூல் காசும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றனவா? டீ குடிக்கச் சில்லறை இல்லையென்று வசூல் பையிலிருந்து பத்து ரூபாய் எடுத்துவிட்டுப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர் திருடர் இல்லை. ஆனாலும் அவர் இந்த வேலைக்கு ஆகமாட்டார்.

தன் சொந்த ஜிபே நம்பரை எந்தச் சூழ்நிலையிலும் கொடுக்கக் கூடாது. "க்யூஆர் ஒர்க் ஆகலைங்க, என் நம்பருக்குப் போடுங்க, நான் கட்டிடறேன்" என்பது ஒரே ஒரு முறை நடந்தாலும் வேலை போகும் என்று நேர்காணலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கு அவர் முகம் எப்படிப் போகிறது என்றும் கவனியுங்கள்.

*எழுத்து.* இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. பழைய வருமான வரிச் சட்டப்படி 80ஜி கழிவு வேண்டுமானால் ரொக்கம் 2,000 ரூபாய்க்கு மேல் செல்லாது. அதே சட்டப்படி அறக்கட்டளை ஆண்டு முடிந்து மே 31-க்குள், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற 10பிடி அறிக்கையை வருமான வரித் துறையில் தாக்கல் செய்து, கொடுத்தவருக்கு 10பிஇ என்ற நன்கொடைச் சான்று தர வேண்டும். அதற்குப் பெயர், முகவரி, பான் எண் எல்லாம் பிழையில்லாமல் வேண்டும். பான் எண்ணில் ஓர் எழுத்து கோணலாக இருந்தால் கோவை ரேஸ்கோர்ஸில் ஒரு தொழிலதிபர் அடுத்த ஜூலையில் உங்களைத்தான் கூப்பிட்டுத் திட்டுவார். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது. அதையும் மறைக்காமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். "பேரெல்லாம் வேண்டாம், அன்பர்னு போட்டுக்கோ" என்பவர்கள் நிறைய. பெயர் தெரியாத நன்கொடைக்கு ஓர் எல்லை உண்டு: மொத்த நன்கொடையில் ஐந்து சதவீதம் அல்லது ஒரு லட்சம், இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு அறக்கட்டளை 30 சதவீத வரி கட்ட வேண்டும். முழுக்க மதப் பணிக்கான அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. "அய்யா, கணக்குக்காகப் பேரும் ஊரும் மட்டும் எழுதிக்கறேனுங்க, வெளிய எங்கயும் போடமாட்டோமுங்க" என்று இதமாகக் கேட்டு வாங்குவது ஒரு திறமை.

*உண்மையைக் கூட்டாமல் சொல்லும் நாக்கு.* இல்லத்தில் இருப்பது முப்பது பேர் என்றால் முப்பது. "நீங்க குடுத்தாத்தான் இன்னிக்கு ராத்திரி சோறு" என்பது பொய் என்றால் அதைச் சொல்லக் கூடாது. தெரியாததைக் கேட்டால் "அது எனக்குத் தெரியலைங்க, ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்" என்று சொல்கிறவரையே எடுங்கள். மடமடவென்று எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவரிடம் எனக்கு எப்போதும் ஒரு தயக்கம் உண்டு. நோயாளியின் போட்டோ, பிள்ளையின் முகம் தெரிகிற படம் ஆகியவற்றைப் போனில் காட்டிக் கண்ணீர் வரவைக்கிற பழக்கம் உள்ளவரையும் தவிருங்கள். உதவி பெறுகிறவருக்கும் மானம் உண்டு.

*சாதியைக் காசாக்காத மனம்.* இதைத் தவிர்த்துவிட்டு நம் ஊரில் இந்தப் பேச்சைப் பேச முடியாது. "தம்பிக்கு எந்த ஊருங்க? யாரூட்டுப் பையன்? எந்தக் கூட்டம்?" என்ற கேள்வி வாசலில் வரும். கூட்டம் என்றால் இங்கே குலப் பிரிவு. வயதானவர்கள் பலர் பாசமாகவே கேட்பார்கள், ஆனால் கேள்வி எதை நோக்கியது என்று எல்லோருக்கும் தெரியும். "நம்மாளுதானுங்க" என்று சொல்லிக் காசு வாங்குகிறவர், அடுத்த தெருவில் வேறு சாதி சொல்லுவார், காலனிப் பக்கம் வண்டியே திருப்பமாட்டார். நமக்குத் தேவைப்படுகிறவர் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, "நம்ம இல்லத்துல எல்லாருமே இருக்காங்கய்யா, அதனால எல்லாருகிட்டயும் கேக்கறோமுங்க" என்று பேச்சை வேலைக்குத் திருப்புகிறவர். எல்லாத் தெருவுக்கும் போகிறவர், பத்து ரூபாய் கொடுத்த வீட்டிலும் பத்தாயிரம் கொடுத்த வீட்டிலும் ஒரே மாதிரி "ங்க" போடுகிறவர். அதே நியாயம் உங்களுக்கும் பொருந்தும்: ஆள் எடுக்கும்போது நீங்களும் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். "தெருக்காரங்க ஏத்துக்கமாட்டாங்க" என்று ஒரு நல்ல ஆளைத் திருப்பி அனுப்புவது அறக்கட்டளை என்ற பெயருக்கே பொருந்தாது.

*வீட்டைப் படிக்கும் கண்.* வாசலில் பந்தல் கால், செருப்புக் கூட்டம், துக்கத்துக்கு வந்த கார்கள், மஞ்சள் வேகவைக்கிற களம், தறி ஓடும் சத்தம். எதைப் பார்த்தால் நிற்க வேண்டும், எதைப் பார்த்தால் பேசாமல் தாண்டிப் போக வேண்டும் என்று தெரிய வேண்டும். தறி ஓடிக்கொண்டிருக்கும்போது சோமனூரில் யாரையும் வெளியே கூப்பிடாதீர்கள், பாவு மாற்றுகிற நேரத்துக்கு வரலாம். வீட்டில் பெரியவர் ஒருவர் மட்டும் தனியாக இருந்தால் நோட்டீஸைக் கொடுத்துவிட்டு, "புள்ளைங்க வந்ததும் காட்டுங்க" என்று சொல்லிக் கிளம்பிவிட வேண்டும். நினைவு தடுமாறுகிற முதியவரிடம் வாங்குகிற பணம் நன்கொடையே கிடையாது. தோட்டத்துச் சாளைகளில் படலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும், பொழுது சாய்ந்தபின் போகவே கூடாது.

உடல் பலம், வண்டி லைசென்ஸ், சித்திரை வெயிலைத் தாங்குவது ஆகியவை சொல்லாமலே தெரியும். மொழி மட்டும் கொஞ்சம் கூடுதல் தேவை. நகரத்தில் தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசுகிற வீடுகள் உண்டு. ஆர்.எஸ்.புரம் பக்கம் குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்கள், திருப்பூரில் இந்தி பேசுகிற தொழிலாளர் குடியிருப்புகள். எல்லா மொழியும் ஒருவருக்கே தெரிய வேண்டியதில்லை, குழுவில் ஒருவருக்காவது தெரிந்தால் சரி.

நேர்காணல்: பேச்சை விட்டுச் செயலைப் பாருங்கள்

"உங்களுக்குப் பொறுமை இருக்குதா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லப் போவதில்லை. அதனால் மூன்று சின்னச் சோதனைகள்.

முதலில் கணக்கு. பத்து ரசீது அடிக்கட்டைகளையும் ஒரு கட்டுப் பணத்தையும் கொடுத்து, கூட்டிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பணத்தில் நூறு ரூபாய் குறைவாக வையுங்கள். திரும்பத் திரும்ப எண்ணிவிட்டு "நூறு குறையுதுங்க" என்று சொல்கிறவர் சரியானவர். "சரியா இருக்குதுங்க" என்று அவசரத்தில் சொல்கிறவர் வாசலிலும் அவசரப்படுவார். கூடுதலாகப் பணம் வைத்து எடுத்துக்கொள்கிறாரா என்று ஒளிந்து பார்ப்பதை நான் ஏற்பதில்லை. வேலை தேடி வந்தவரை அப்படி அவமதிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, நீங்களே வீட்டுக்காரராக நடியுங்கள். கதவைப் பாதி திறந்து, "போன வாரந்தான் ஒருத்தன் இப்படியே வந்து ஏமாத்திட்டுப் போனான்" என்று சிடுசிடுங்கள். தற்காப்புக்குப் போகிறாரா, அல்லது "நீங்க சந்தேகப்படறது நாயமுங்க, இந்த நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்க, நான் வெளிய நிக்கறேன்" என்கிறாரா? பிறகு எதுவும் பேசாமல் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள். அந்த மௌனத்தைத் தாங்காமல் கெஞ்ச ஆரம்பிக்கிறவர், வாசலிலும் கெஞ்சுவார்.

மூன்றாவது, உங்கள் இல்லத்துக்கோ முகாமுக்கோ ஒரு முறை கூட்டிப்போய் விடுங்கள். ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்து பார்த்ததைச் சொல்லச் சொல்லுங்கள். சமையல்காரம்மா பெயர், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் படுக்கையில் இருக்கிறார் என்று சொல்கிறவர் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறார். "ரொம்பப் பாவமுங்க" என்று மட்டும் சொல்கிறவரிடம் வாசலிலும் அந்த ஒரு வார்த்தைதான் இருக்கும்.

இதையெல்லாம் தாண்டியவரை அரைநாள் களத்துக்கு அனுப்புங்கள். அனுபவம் உள்ள ஒருவர் கூடப் போகட்டும். அந்த அரைநாளுக்குக் கூலி கொடுத்துவிடுங்கள். எவ்வளவு வசூல் ஆனது என்று அன்றைக்குக் கேட்கவே கேட்காதீர்கள். பத்தாவது கதவு மூடிய பிறகு பதினோராவது வாசலில் அவர் குரல் எப்படி இருந்தது என்று கூடப் போனவரிடம் கேளுங்கள்.

விசாரிப்பது

ஆதார், லைசென்ஸ் நகல், முன்பு வேலை பார்த்த இரண்டு இடங்களின் போன் எண் ஆகியவற்றை வாங்குங்கள். கூப்பிடும்போது "ஆள் எப்படி?" என்று கேட்காமல், "பணம் கையாண்டாரா? கணக்கு எப்போது ஒப்படைப்பார்? மறுபடியும் வேலைக்கு எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வேலைக்கு எடுக்கப்படுகிறவர்களைப் பற்றிய சரிபார்ப்புச் சேவை இருக்கிறது, அதைச் செய்துவிடுங்கள். பெண் பார்க்கப் போவது மாதிரி அவர் ஊரில் போய்க் குடும்பம், பூர்வீகம் எல்லாம் துருவ வேண்டாம். அது கடைசியில் சாதி விசாரணையில்தான் போய் நிற்கும்.

பெண்களை அனுப்பும்போது

இந்த வேலையில் பெண்களுக்குத்தான் கதவு சீக்கிரம் திறக்கிறது. அதனாலேயே பொறுப்பும் கூடுதல். புதிய பகுதிகளுக்கு இரண்டு பேராக அனுப்புங்கள், மாலை ஆறுக்குள் திரும்பிவிட வேண்டும், எந்தத் தெருவில் இருக்கிறார் என்று அலுவலகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். கழிப்பறைக்கு எங்கே போவது என்பதையும் வழித்தடத்தோடு சேர்த்தே திட்டமிடுங்கள். பாதிப் பேர் வேலையை விடுவதற்கு இதுதான் காரணம், வெளியே சொல்லமாட்டார்கள். பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் (2013), வேலை நிமித்தம் போகிற இடத்தையும் பணியிடமாகவே எடுத்துக்கொள்கிறது. பத்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் உள் புகார்க் குழு கட்டாயம், குறைவாக இருந்தால் மாவட்ட அளவிலான குழுவில் புகார் கொடுக்கலாம். வாசலில் யாராவது தப்பாகப் பேசினால் ரசீதைக் கூட எழுதாமல் திரும்பி வரலாம், யாரும் கேள்வி கேட்கமாட்டோம் என்று முதல் நாளே சொல்லுங்கள். பெரிய நன்கொடையாளர் என்பதற்காக அந்த வீட்டுக்கு மறுபடியும் அனுப்பக் கூடாது.

சேர்த்த பிறகு முதல் மாதம்

நியமனக் கடிதம், போட்டோவும் காலாவதித் தேதியும் உள்ள அடையாள அட்டை. இங்கிலாந்தில் 1939-லேயே வீடு வீடாக வசூலிப்பதற்கென்று தனிச் சட்டம் போட்டு, வசூலிப்பவருக்குச் சான்றும் பேட்ஜும் வேண்டும் என்று வைத்தார்கள். கேட்காமலே அட்டையைக் காட்டுவது நம் ஆட்களுக்கும் பழக்கமாக வேண்டும். ஒரு கிராமத்துக்குப் போவதற்கு முன் ஊராட்சி அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் தகவல் சொல்லிவிட்டுப் போனால், யாராவது சந்தேகப்பட்டுக் கூப்பிட்டாலும் பிரச்சினை வளராது.

வெளிநாட்டுப் பணம் பற்றி ஒரு பாடம் தனியாக நடத்துங்கள். அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த மகன், வாசலில் நின்று தாராளமாகக் கொடுப்பார். அவர் கையில் இந்திய பாஸ்போர்ட் இருந்தால், தன் சேமிப்பிலிருந்து வழக்கமான வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடையில் சேராது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால், ரூபாயில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அதை வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். "ஆபீஸ்ல இருந்து கூப்பிடச் சொல்றேனுங்க" என்று சொல்லிவிட்டு வந்தால் போதும்.

ரசீதுக்காக வாங்கிய போன் எண்களைச் சொந்தப் போனில் சேமித்து, பிறகு குட்மார்னிங் அனுப்புவதோ சீட்டுக்கு ஆள் சேர்ப்பதோ கூடாது. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒரு முறை விளக்கிச் சொல்லிவிடுங்கள்.

முதல் மாதத்தில் வசூல் தொகையை வைத்து அளக்காதீர்கள். ரசீதுகள் வரிசை தப்பாமல் இருக்கின்றனவா, அன்றைய பணம் அன்றே கட்டப்படுகிறதா, தப்பாக எழுதிக் கெட்டுப்போன ரசீது கிழிக்கப்படாமல் புத்தகத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். வாரம் ஒரு முறை, கொடுத்தவர்களில் சிலரையும் கொடுக்காத வீடுகளில் சிலரையும் அலுவலகத்திலிருந்து யாராவது சந்தித்து நன்றி சொல்லிவிட்டு, "நம்ம பையன் வந்தப்ப எப்படிங்க நடந்துக்கிட்டாரு?" என்று கேட்கட்டும். இப்படிக் கேட்போம் என்று பணியாளருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஜூன் மாதம் பள்ளிக் கட்டண நேரம், அப்போது வசூல் குறைவாக இருப்பதை அவர் தலையில் போடாதீர்கள். தீபாவளி போனஸ் வந்த வாரமும், மஞ்சள் விற்று ஈரோடு மார்க்கெட்டிலிருந்து பணம் வந்த காலமும் வேறு மாதிரி இருக்கும்.

பிரியும்போது

நல்லபடியாக விலகினாலும் சரி, நீங்கள் அனுப்பினாலும் சரி, அன்றைக்கே அடையாள அட்டை, க்யூஆர் அட்டை, பாதி எழுதிய ரசீது புக் மூன்றையும் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். சம்பளப் பாக்கியை இழுத்தடிக்காதீர்கள். அவர் வழக்கமாகப் போன தெருக்களில் முக்கியமான நன்கொடையாளர்களுக்கு அலுவலகத்திலிருந்து போன் செய்து, இனி இன்னார் வருவார் என்று பெயரும் போட்டோவும் அனுப்பிவிடுங்கள். பணத்தில் தவறு நடந்து அனுப்ப நேர்ந்தால், அவர் எழுதிய ரசீது எண்களை வரிசையாக எடுத்து ஒவ்வொரு வீட்டிலும் அசல் ரசீதோடு ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் வந்தால் அந்த வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லி, அவர்கள் கொடுத்த முழுத் தொகைக்கும் புதிய ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு காவல் நிலையத்துக்குப் போங்கள்.